ஈரப்பதம் நாற்பத்தைந்து

மத்ரா துறைமுகத்துக்குப் பின்புறம்
அருங்காட்சியகக் கிட்டங்கியில்
எனக்கு ஒரே வேலை.
வெளியே ஜூலை கொதித்தாலும்
உள்ளே பதினெட்டு டிகிரி,
ஈரப்பதம் நாற்பத்தைந்து.
ஐம்பதைத் தொட்டால் அலாரம் கத்தும்,
சிப்பிகளுக்குச் சீக்கு வரும்.

ஆமாம், சிப்பிக்கும் சீக்கு உண்டு.
பழைய ஓக் பெட்டி விடும் மூச்சில்
அமிலம் இருக்கிறதாம்.
செத்து நூற்று அறுபது வருடமான நத்தை
அது பட்டு
உடம்பெல்லாம் வெண்பொடி பூத்துவிடும்.
ஷம்ஸா மேடம் சொன்னபோது சிரித்தேன்.
பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

பெட்டிகளின் சொந்தக்காரர்
பேராசிரியர் எப்ராயிம் வாட்லி.
வெர்மான்ட் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி.
வேதியியலும் அவரே, தாவரமும் அவரே,
வானம் தெளிந்த இரவுகளில்
நட்சத்திரங்களும் அவரே.
கரும்பலகை ஒன்றுதான்.
கந்தகத்தை அழிக்காமல் அதன் மேலேயே
கணவாய் மீனை வரைவார் என்று
மாணவன் ஒருவன் வீட்டுக்கு எழுதிய கடிதம்
கோப்பில் இருக்கிறது:
"ஒன்றும் புரியவில்லை அம்மா,
தூங்கவும் முடியவில்லை."

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டில்
பேரீச்சம்பழம் ஏற்ற வந்த கப்பலில்
ஒரு படுக்கை வாங்கி
மஸ்கட் வந்து இறங்கினார்,
கம்பளிக் கோட்டோடு.
ஒன்பது நாள் அதைக் கழற்றவில்லை.
ஏசி மெக்கானிக் என்ற முறையில்
அந்த ஒன்பது நாளை மட்டும்
என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிடித்த மீன்களை ஊறப்போட்ட சாராயத்தை
மாலுமிகள் ஒரே ராத்திரியில் குடித்துத் தீர்த்தார்கள்.
குறிப்பேட்டில் அன்றைக்கு இவ்வளவுதான்:
"மீன்கள் நாறிவிட்டன. மாலுமிகள் நலம்."

பிறகு சிதாப் பாறை இடுக்கில்
மிளகு அளவு ஒரு நத்தை.
உதட்டோரம் மட்டும் ஊதா.
எந்தப் புத்தகத்திலும் அது இல்லை என்று
கல்லூரிக்குத் திரும்பியதும் நான்கு முறை தேடினார்.
அதற்குள் வீட்டில்
லவினியா பனிக்காலத்தோடு போயிருந்தாள்.
சேதி துரத்திக்கொண்டு போன துறைமுகங்களில்
எதிலும் அவர் இல்லை.
நத்தைக்கு அவள் பெயரை வைத்தார்.
தனக்கென்று
ஒரு பூச்சிக்குக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

பதினாறு வருடம் கழித்து
ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கடிதம், ரொம்ப மரியாதையாக:
அதே நத்தைக்கு
முன்னமே வேறு யாரோ பெயர் வைத்தாயிற்று.
முந்திய பெயருக்கே உரிமை.
அதுதான் விதி, அவர் பாடம் எடுத்த விதி.
ஸ்கேல் வைத்து
ஒரே கோடாக அடித்தார்.
கிறுக்கவில்லை.
கோட்டுக்கு அடியில் இன்றும் படிக்கலாம்.

அந்த வருட வினாத்தாளில் நான்காம் கேள்வி:
"பெயர் யாருடையது? இரண்டு வரியில் விடை தருக."
விடைத்தாள் ஒன்றும் மிஞ்சவில்லை.

என் பெயர் திருமேனி.
பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து
அட்டையில் இடம் மாறி
இங்கே எல்லோருக்கும் நான் கருத்தப்பாண்டி.
மிஸ்டர் கருத்தப்பாண்டி, டக்ட் ஒழுகுகிறது.
மிஸ்டர் கருத்தப்பாண்டி, கையெழுத்து.
திருச்செந்தூருக்குத் தெற்கே போயிராத அப்பா
பதினோரு வருடமாக
மஸ்கட்டில் கம்ப்ரஸர் தூக்குகிறார்.
போனில் சொன்னால்
"சம்பளமாவது எனக்கு வருதா?" என்கிறார்.

நேற்று புது லேபிள் அடித்தார் மேடம்.
மேலே செல்லுபடியாகும் பெயர்.
கீழே, எறும்பு எழுத்தில், பழையது.
அது எதற்கு என்று கேட்டேன்.
தேடி வருகிறவர்கள்
எந்தப் பெயரில் தேடுவார்கள் என்று தெரியாதே
என்றார், கத்தரியைத் தேடிக்கொண்டே.

பருத்திப் பஞ்சில் அந்த மிளகு.
ஊதா இன்னும் கொஞ்சம் மிச்சம்.
குனிந்து வெகுநேரம் பார்த்திருக்கிறேன் போல,
என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது.

மீட்டரில் நாற்பத்தாறு.
எழுந்து தள்ளிப் போனேன்.